சுடுதண்ணித் தொட்டிக்கு நான் வைத்த சீர்

என் அன்பு மாப்பிள்ளைக்கு, செலியமேட்டின் கரும்புச் சக்கரவர்த்திக்கு, என் தட்டிலிருந்த மீனின் நடுத்துண்டை முப்பது வருடம் கொஞ்சமும் கூச்சப்படாமல் எடுத்துத் தின்ற கலியமூர்த்திக்கு,

ஏம்பலத்திலிருந்து நாகமுத்து எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஏழு டிராக்டர் லோடு சேர்ந்து கிடக்கிறது. உன் செவலைப் பசு கன்று போட்டது, மேலண்டைக் கொல்லையில் கரும்பு சாய்ந்தது, உன் மகள் பெங்களூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனது. எல்லாவற்றையும் ஓரமாக வைக்கிறேன். போன வியாழக்கிழமையிலிருந்து, மாப்பிள்ளை, பேனாவைப் பிடித்தால் எழுத்து வண்டி ஏறிய தவளை மாதிரி நாலு பக்கமும் போகிறது.

உன் வீட்டுச் சுடுதண்ணித் தொட்டியைத் திறந்து பார்த்தோம்.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று உன் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தொட்டியைப் பற்றி ஊர் முன்னால் பெருமை பேசியவன் நான். அதனால் இதையும் ஊர் படிக்கும்படிதான் எழுத வேண்டும். உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். நீ எப்போதும் பொறுத்தவன்தான். எவ்வளவு பொறுத்தாய் என்பதுதான் எனக்கு இப்போது தெரிய வந்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடற்கரையோரம் ஒரு தங்கும் விடுதியை மூடியபோது, பழைய கட்டில் வாங்கப் போன நீ தொட்டியோடு திரும்பி வந்தாய். உன் பெண்டாட்டி, என் தங்கை அமிர்தத்துக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. வெந்நீரில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டினால் நல்லது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். வேறொருவன் என்றால் ஒரு அண்டாவில் தண்ணீர் காய வைத்திருப்பான். நீ ஆறு பேர் உட்காரும் தொட்டியைக் கரும்பு ஏற்றும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அது செலியமேட்டுக்குள் நுழைந்தபோது கூடிய கூட்டம் வில்லியனூர்த் தேருக்குக்கூடக் கூடியிருக்காது. நான் இப்படிச் சொன்னால் நீ மறுக்க மாட்டாய். ஏனென்றால் இப்போது உன்னால் மறுக்க முடியாது.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் போட்டு அதை உட்கார வைத்தாய். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் தண்ணீரைச் சுற்ற விடும் மோட்டார், சூடாக்கும் ஹீட்டர், அழுக்கு பிடிக்கும் ஃபில்டர். பொத்தானைத் தட்டினால் பாகூர் ஏரியே கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். என் தங்கை அதில் கழுத்தளவு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்ட முதல் நாள், நீ என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. நம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உனக்குத் தெரியும். பானையையே வெள்ளையடித்துவிடும் தண்ணீர் ஹீட்டரைச் சும்மா விடுமா? கரண்டைத் தானாக நிறுத்தும் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் டப்பென்று விழும். தூக்கி விட்டால் மறுபடி விழும். அமிர்தம் பாதிச் சூட்டில் நடுங்கிக்கொண்டு எழுந்து வருவாள். ஆள் கூப்பிடலாம் என்றாய். நான் இருக்கும்போது ஆளா என்று கேட்டேன். ஏம்பலம் வட்டாரத்தில் முப்பது கல்யாணத்துக்குச் சீரியல் பல்பு கட்டியவன் நான். மின்சாரத்துக்கே என்னைக் கண்டால் மரியாதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

டிரிப்பருக்கு உள்ளே போகிற கம்பியையும் வெளியே வருகிற கம்பியையும் ஒரு முழ ஒயரால் இணைத்துவிட்டால், கரண்ட் டிரிப்பரைக் கேட்காமல் நேராகப் போய்விடும். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. அதைச் சும்மா செய்தால் நான் நாகமுத்துவா? ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், நடுவில் சுருட்டி வைத்த சிவப்பு ஒயர். அமிர்தம் மாவு அரைக்கப் பாகூருக்குப் போயிருந்த நேரம். தாய் வீட்டுச் சீர் வந்திருக்கிறது, வாங்கிக்கொள் என்று உன் முன்னால் நீட்டினேன். நீ சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நீ டார்ச் பிடித்தாய், நான் முறுக்கினேன். அமிர்தத்திடம் சொல்ல வேண்டாம், திட்டுவாள் என்று இருவரும் பேசி முடித்தோம். நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் டிரிப்பர் விழவே இல்லை. ஆனால் தொட்டியில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. உட்கார்ந்தால் உடம்பெங்கும் எறும்பு ஊர்வது போல ஒரு சுறுசுறுப்பு. அமிர்தம் அதைச் சொன்னபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நரம்பில் அடைத்துக்கிடக்கும் வாயுவைத் தண்ணீர் தட்டி எழுப்புகிறது, ஃபிரான்சில் இதற்கென்றே தனி ஆஸ்பத்திரி உண்டு என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். செய்தி பரவி முட்டிவலிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். என் கணக்கில் நானூறு பேர். உன் கணக்கில் பதினொன்று. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டு, ஃபிரான்சிலேயே இப்படி ஒன்று பார்த்ததில்லை என்றார். பார்த்திருக்க மாட்டார். அங்கே இப்படி ஒரு மச்சான் யாருக்கும் வாய்த்திருக்க மாட்டான்.

அப்புறம் உனக்குச் சளி பிடித்தது. நிமோனியா என்றார்கள். இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இருபத்தோராம் நாள் நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

நீ போன பிறகு தொட்டி மூடியே கிடந்தது. கேட்டால் ரிப்பேர் என்பாள் அமிர்தம். வேறு எதுவும் சொல்ல மாட்டாள். துக்கம், விட்டுவிடுவோம் என்று நானும் இருந்தேன். ஆனால் அவள் முட்டி மாதத்துக்கு மாதம் மோசமானது. வாசல் படி மூன்றையும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறாள். கீழே உட்கார்ந்தால் எழுப்பி விட ஆள் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் கொட்டகையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க முடியாமல். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான், என் செலவில் என் மேற்பார்வையில் தொட்டிக்கு மறுவாழ்வு என்று அறிவித்தேன். அமிர்தம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்லியனூரிலிருந்து ஜெயந்தி என்கிற பெண்ணை வரவழைத்தேன். கடற்கரை விடுதிகளில் நீச்சல் குளத்து மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவள். நாற்பது வயதிருக்கும். வண்டியின் பின்னால் கட்டிய டூல்ஸ் பெட்டியை அவளே இறக்கினாள், என்னைத் தொட விடவில்லை. நான் இந்தத் தொட்டியின் தலைமைப் பொறியாளர் என்று அறிமுகம் செய்துகொண்டேன். அப்படியென்றால் நீங்களே கதவைத் திறங்கள் என்றாள். திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெருச்சாளி என் தோள் வழியாகப் பாய்ந்தது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. நான் கத்தியது கிருமாம்பாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். ஜெயந்தி கத்தவில்லை, கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூடி உளுத்துப் போயிருந்தது. ஃபில்டர் பழைய துடைப்பம் போல இருந்தது. மோட்டாரில் தண்ணீரைத் தடுக்கும் சீல் காய்ந்து வெடித்து, சும்மா கிடந்த ஏழு மாதத்தில் உள்ளேயெல்லாம் துரு. வேறு மோட்டார்தான் போட வேண்டும் என்றாள். கடைசியாக ஹீட்டரைக் கழற்றினாள். சூடேறும் கம்பியான காயில், சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினாள், உப்பு பாளம் பாளமாக விழுந்தது. அடியில் காயிலின் தோல் நீளமாகக் கிழிந்திருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். எர்த் கம்பியைத் தேடிப்போய் இழுத்தாள், அது அறுந்து கையோடு வந்தது. அப்புறம் நிமிர்ந்து சுவரில் இருந்த டிரிப்பரைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கத்தையும் இணைத்துக்கொண்டு, என் சீர் தொங்கிக்கொண்டிருந்தது.

இதில் ஆட்கள் உட்கார்ந்தார்களா என்று கேட்டாள். நாற்காலியில் இருந்த அமிர்தம், ஆமாம், உட்கார்ந்தால் சுறுசுறுவென்று இருக்கும் என்றாள். ஜெயந்தி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, அது வைத்தியம் இல்லக்கா, கரண்டு. காயிலு கிழிஞ்சி தண்ணியில எறங்கியிருக்குது. அப்பிடி எறங்குனா ஆளக் காப்பாத்தத்தான் இந்த டிரிப்பரு விழும். அத விழவுடாம கட்டிப் போட்டிருக்காங்க. இன்னும் ஒரு நூலு கிழிஞ்சிருந்தா, உள்ள ஒக்காந்த ஆளு எழுந்திருச்சி வந்திருக்க மாட்டாங்க.”

மாப்பிள்ளை, எனக்குக் காது அடைத்துப்போனது. பசு கத்துவது எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் கேட்பது போல இருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தொட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என் தங்கையின் முகம்தான். அவள் மட்டுமா? அந்தப் பதினொரு பேர். வரிசையாக நிற்க வைத்து, வாங்க வாங்க என்று நான் உபசரித்து இறக்கிவிட்ட பதினொரு பேர்.

“இத யாரு சார் போட்டது?” என்றாள் ஜெயந்தி.

இதற்கு நான் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

“மாப்பிள்ள போட்டதும்மா. அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

என் வாய்தான் சொன்னது. நாக்கு குழறக்கூட இல்லை. உன்னால் மறுக்க முடியாது என்கிற தைரியம். முப்பது வருடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் தலையில், நீ இல்லாத வீட்டில், உன் பெண்டாட்டி காது கேட்க, கொலைக்கு ஈடான ஒரு காரியத்தைத் தூக்கி வைத்தேன்.

அமிர்தம் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து, உள்ளே போய்விட்டாள். ஜெயந்தி அந்த ஒயரை வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தாள். புதுச் சாமான்கள் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏம்பலம் போய்ச் சேர்ந்ததும் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. உன்னைக் கொண்டுபோனதும் இதுதானா? உன் ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகல் என்னிடம் இருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தேன். நுரையீரல் என்றுதான் திரும்பத் திரும்ப இருந்தது. நம்பிக்கை வராமல் அதைத் தூக்கிக்கொண்டு நெட்டப்பாக்கத்து டாக்டரம்மாவிடம் ஓடினேன். அந்தம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, சளிக்கும் கரண்டுக்கும் என்ன பெரியவரே சம்பந்தம், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார். ஒரு மூச்சு விட்டேன். ஒரே ஒரு மூச்சுதான் விட முடிந்தது. அந்த ஒயரிடமிருந்து நீ தப்பித்திருந்தாய். நான் தப்பிக்கவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அமிர்தம் போன் எடுக்கவில்லை. ஞாயிறு காலை போய் நின்றேன். வா என்று சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. உன் படத்தில் பூ இல்லை. போட்டுவிட்டேனே, இந்த மனுஷன் பெயரை அவள் மனசிலிருந்தே கீழே போட்டுவிட்டேனே என்று நினைத்தேன். பேசுவதற்காக வழியெல்லாம் ஒரு பெரிய சொற்பொழிவு தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். முன்னுரை, முடிவுரை எல்லாம் இருந்தது. அவள் முருங்கைக் கீரையை மடியில் வைத்து உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“அமிர்தம், அந்த ஒயரு மாப்பிள்ள போட்டது இல்ல. நான் போட்டது.”

“தெரியும்ணா.”

கீரையை உருவிக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கு அவள் மாவோடு வீட்டுக்குள் நுழைந்ததுமே நீ அந்தத் தட்டைக் காட்டிச் சொல்லிவிட்டாயாம். வாழைப்பழத்தில் ஒன்றை அவளுக்கு எடுத்தும் வைத்திருந்தாயாம். பெரிய ரகசியக்காரன் நீ. எனக்கென்னவோ இது சரியாகப் படவில்லை என்றும் அவளிடம் சொன்னாயாம். அப்படியானால் கழற்றிவிடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அதற்கு நீ சொன்னதை அவள் வாயாலேயே கேள்:

“‘தாய் வூட்டுச் சீருன்னு தட்டுல வெச்சிக் குடுத்துட்டாரு. அத நானு அவுத்துப் போட்டா மச்சான் மூஞ்சி சுண்டிப்புடும்’னாரு. அதுக்கப்புறம் தெனம் அவருதான் முன்னாடி எறங்குவாரு. கால் மணி நேரம் ஒக்காந்து பாத்துட்டு, ஒன்னும் ஆவலன்னாதான் என்னைக் கையப் புடிச்சி எறக்குவாரு. வெளியாளு யாரு வந்தாலும் அப்பிடித்தான்.”

சாயங்காலம் நான் வரும்போதெல்லாம் நீ கழுத்து வரைக்கும் தண்ணீரில் கிடப்பாய். எருமை என்று கூப்பிடுவேன். நீ எருமை மாதிரியே கத்திக் காட்டுவாய். வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். சுகத்துக்குக் கிடக்கிறான் என்றுதானே நினைத்தேன்? கிட்டத்தட்ட இரண்டு வருடம் தினம் தினம், என் முகம் வாடக் கூடாது என்று உன் உயிரை அந்தத் தண்ணீரில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாயா?

ஏன்டா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மச்சான், இது சரியில்லை, அவிழ்த்துத் தொலை என்று என் பிடரியில் ஒன்று போட்டிருந்தால் நான் என்ன செத்தா போயிருப்பேன்? இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்திருப்பேன். மூன்றாம் நாள் மீன் வாசனைக்கு வந்திருப்பேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் ஒரு குப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? நம் சாதி சனம் முழுக்க இப்படித்தான் இருக்கிறோமா? மரியாதைக்குப் பயந்து எத்தனை வீட்டில் எத்தனை ஒயர் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது?

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அப்படியானால் ஏழு மாதமாக ரிப்பேர் என்று சொன்னாயே என்று அமிர்தத்தைக் கேட்டேன்.

“மோட்டாரு அப்ப நல்லாத்தாண்ணா ஓடிச்சி. முன்னாடி எறங்கறதுக்கு ஆளு இல்ல. அதான் மூடி வெச்சிட்டேன்.”

ஏழு மாதம், மாப்பிள்ளை. படியைப் பின்பக்கமாக இறங்கினாள், கொட்டகையில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போட்ட ஒயர் என்று யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். நீயும் அவளும் சேர்ந்து என்னை எந்த உயரத்தில் உட்கார வைத்திருந்தீர்கள் என்று பார்த்தாயா? நான் அங்கிருந்து விழுந்த சத்தம் பாகூர் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அழுதேன். அவள் அழவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“ஒயர விடுண்ணா, அது தெரியாம செஞ்சது. அவரு மேல பழியப் போட்ட பாரு, அதான் தாங்கல. மூணு நாளா நீ வந்து சொல்லுவியா மாட்டியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்.”

அதனால்தான் படத்துக்குப் பூகூடப் போடவில்லையா என்று விசும்பிக்கொண்டே கேட்டேன். பூக்காரம்மா ரெண்டு நாளாக வரவில்லை என்றாள்.

திங்கட்கிழமை ஜெயந்தி வந்தாள். புது ஹீட்டர், புது மோட்டார், புது ஃபில்டர், புது மூடி, புது டிரிப்பர் எல்லாம் இறங்கின. ஒயர் போட்டது நான்தான் என்று அவளிடமும் சொன்னேன். அன்றைக்கே தெரியும் என்றாள். செத்தவர் போட்ட ஒயருக்கு உயிரோடு இருக்கிறவருக்கு இப்படி வேர்க்காதாம். தண்டனையாக எர்த் குழி தோண்டும் வேலையை எனக்குக் கொடுத்தாள். பாதாள லோகத்தின் கூரை தெரியும் வரைக்கும் தோண்டிவிட்டேன் என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு அடி என்றாள். கரியும் உப்பும் போட்டு மூடி, கம்பி இழுத்தோம். புது டிரிப்பரில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழுந்தால் அது விழித்திருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொன்னாள். நான் ஒரே மூச்சில் பதினொரு தடவை அழுத்தினேன். பதினொரு தடவையும் விழுந்தது. பொத்தான் தேய்ந்துவிடும் என்று கையைத் தட்டிவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பதினொரு பேர் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் விளக்கமாற்றைத் தேடினார், நல்லவேளை கிடைக்கவில்லை. சொல்தா பெரியவர் மட்டும் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, அந்தச் சுறுசுறுப்பை மட்டும் கொஞ்சமாக வைக்க வழி இல்லையா என்றார்.

நேற்றுக் காலை தொட்டியில் தண்ணீர் சூடாகி ஆவி வந்தது. ஜெயந்தி மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் காட்டினாள். ஒன்றும் ஆகாது, இறங்குங்கள் அக்கா என்றாள். அமிர்தம் கைத்தடியோடு வந்து தொட்டியின் படி ஓரத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. தொட்டியில் நீ வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவும் ஊருக்குத் தெரியட்டும். அந்தத் தொட்டியைப் பற்றி ஆயிரம் மேடை போட்டுப் பேசிய நான், மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அதில் இறங்கியதில்லை. பித்த உடம்பு, வெந்நீர் ஒத்துக்கொள்ளாது என்பேன். அந்த எறும்பு ஊர்வது எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரியாகத்தான் பட்டிருக்கிறது போலிருக்கிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேனா? எனக்கே பதில் தெரியவில்லை. நீ கேட்டால் என்ன சொல்வேன்?

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டியோடு இறங்கினேன். முக்கால்வாசித் தண்ணீர் வெளியே போய்விட்டது என்று ஜெயந்தி புகார் சொன்னாள். உன் மூலையிலேயே உட்கார்ந்தேன். உடம்பில் ஒன்றுமே ஊரவில்லை. வெறும் வெந்நீர்தான். ஆனாலும் என் பல் அடித்துக்கொண்டது. ஒன்றும் ஆகாது என்று மீட்டரே சொன்ன தண்ணீரில் எனக்கு இந்த நிலை என்றால், ஏதோ சரியில்லை என்று தெரிந்தே நீ எப்படிச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாய்? எருமை மாதிரி கத்த எப்படி உனக்குக் குரல் வந்தது?

போதும் என்று பட்டதும் அவளுக்குக் கையை நீட்டினேன். அமிர்தம் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

“கால் மணி ஆவலண்ணா. இன்னும் அஞ்சி நிமிசம் இரு.”

இருந்தேன். ஐந்து நிமிடமும் அவள் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இறங்கினாள். இடது காலை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள்.

அதனால், மாப்பிள்ளை, ஊர் சாட்சியாக உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். டிரிப்பர் இருக்கும்போது ஆள் எதற்கு என்கிறாள் ஜெயந்தி. அவள் சொல்வது சரிதான். மாதம் பிறந்தால் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன், உப்புப் படிந்தால் ஆள் வைத்துத் துடைப்பேன், ஸ்க்ரூடிரைவரைக் கையால் தொட மாட்டேன். ஆனால் இந்தக் கட்டை இருக்கிற வரைக்கும், மழையானாலும் வெயிலானாலும் தினம் காலையில் ஏம்பலத்திலிருந்து வந்து நான்தான் முன்னாடி இறங்குவேன். முழுசாகக் கால் மணி நேரம் உட்காருவேன். அவள் கடிகாரம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டுவேன்.

உனக்குப் பெண் கொடுத்த வீட்டின் மூத்த பிள்ளை,
பித்த உடம்போடு வெந்நீரில் கிடக்கும் உன் மச்சான்,
நாகமுத்து